கிராபிக்ஸ் பெயரில் ஓடும் பிராசஸ் நல்லதா, கெட்டதா: அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, அதாவது பிராசஸ்களை, காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நாம் நிறுவியதாக நினைவே இல்லாத பெயர்கள் வரிசையாக நிற்கும். 'ஐஜிஎஃப்எக்ஸ்' என்றோ 'என்வி' என்றோ 'ஏடிஐ' என்றோ தொடங்கும் பெயரைக் கண்டதும் சிலருக்கு வைரஸாக இருக்குமோ என்ற பயம் வரும். வேறு சிலர் கிராபிக்ஸ் கார்டு சம்பந்தப்பட்டதுதானே என்று கடந்துபோவார்கள். இருவருமே பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள். ஒரு நிரலுக்கு எந்தப் பெயரையும் வைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தீநிரல் எழுதுபவர்களுக்குக் கிராபிக்ஸ் பெயர்கள் வசதியானவை. ஏதாவது ஒரு கிராபிக்ஸ் பிராசஸ் ஓடாத விண்டோஸ் கணினி கிடையாது. அது ஜிபியுவை, அதாவது கிராபிக்ஸ் வேலையைச் செய்யும் சில்லை, நிறைய எடுத்துக்கொண்டாலும் யாரும் வியப்படைவதில்லை.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் கணினியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். பின்னால் வரும் எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

சந்தேகம் வந்த உடனே 'எண்ட் டாஸ்க்' அழுத்தாதீர்கள், கோப்பையும் அழிக்காதீர்கள். அது உண்மையான டிரைவரின் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளின்) பகுதியாக இருந்தால் திரை அமைப்புகள் குழம்பும், கட்டுப்பாட்டுப் பலகை திறக்காமல் போகும். தீநிரலாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே தடயம். அதை நிறுத்திவிட்டால் கோப்பு எங்கே இருக்கிறது, யார் அதைத் தொடங்கினார்கள் என்பதைத் தேடுவது கடினமாகிவிடும். பெரும்பாலும் அதைத் திரும்ப எழுப்புவதற்கென்றே இன்னொரு ஏற்பாடும் இருக்கும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து 'செலக்ட் காலம்ஸ்' வழியாக 'இமேஜ் பாத் நேம்', 'கமாண்ட் லைன்' இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொரு பிராசஸும் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். இந்த இரண்டு பத்திகளும் (காலம்களும்) எப்போதும் திறந்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

இடத்தைப் பார்ப்போம். விண்டோஸின் சொந்த கிராபிக்ஸ் பிராசஸ்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓட வேண்டும். இன்டெல், என்விடியா, ஏஎம்டி நிறுவனங்களின் டிரைவர் கோப்புகள் சிஸ்டம்32 ஃபோல்டரில் நேரடியாகவோ, அதற்குள் இருக்கும் 'டிரைவர்ஸ்டோர்', அதற்குள் 'ஃபைல்ரெபாசிட்டரி' என்ற ஃபோல்டரிலோ, 'புரோகிராம் ஃபைல்ஸ்' கீழே அந்த நிறுவனத்தின் பெயருள்ள ஃபோல்டரிலோ இருக்கும்.

டிரைவர்ஸ்டோருக்குள் நுழைந்தவர்கள் அங்குள்ள ஃபோல்டர் பெயர்களைப் பார்த்துத் திடுக்கிடுவது வழக்கம். புரியாத எழுத்துகள், நடுவே 'ஐஎன்எஃப்', அதன்பின் 'ஏஎம்டி64', கடைசியில் நீளமான ஓர் எண்ணெழுத்துக் கோவை. இது இயல்பான பெயர்தான். விண்டோஸே அப்படிப் பெயரிடுகிறது. இன்டெல் டிரைவர் ஃபோல்டரில் 'ஏஎம்டி64' என்று இருப்பதும் கோளாறு அல்ல. 64 பிட் கட்டமைப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி என்பதால் விண்டோஸ் அந்தக் கட்டமைப்பையே அப்படிக் குறிக்கிறது. இன்டெல் பிராசஸர் உள்ள கணினியிலும் அதே பெயர்தான்.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. பயனர் கணக்கின் 'ஆப்டேட்டா' ஃபோல்டர், அதற்குள் உள்ள 'ரோமிங்', 'டெம்ப்', அப்புறம் 'டவுன்லோட்ஸ்', 'பப்ளிக்' ஃபோல்டர்கள். இங்கெல்லாம் கோப்பு வைக்க நிர்வாகி அனுமதி தேவையில்லை, அதனால்தான் தீநிரல்கள் இங்கே குடியேறுகின்றன. சில உலாவிகளும் அரட்டைச் செயலிகளும் ஆப்டேட்டாவிலிருந்து நேர்மையாகவே ஓடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் டிஸ்பிளே டிரைவரின் பிராசஸ் ஒன்று அங்கிருந்து ஓடுவதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. கிராபிக்ஸ் நிறுவனங்களின் பெயரில் ஆப்டேட்டாவில் ஃபோல்டர் இருந்தால் மட்டும் பதறாதீர்கள். விளையாட்டுகள் வேகமாகத் திறப்பதற்கான ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தரவை டிரைவர்கள் அங்கே சேமித்து வைக்கின்றன. அவை வெறும் தரவுக் கோப்புகள், ஓடக்கூடியவை அல்ல.

அடுத்தது கையொப்பம்: கோப்பை வெளியிட்டவர் யார், அது பிறகு மாற்றப்பட்டதா என்பதைக் காட்டும் டிஜிட்டல் முத்திரை. பிராசஸின் மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்', பிறகு கோப்பின் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்'. அங்கே பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாமல் அதைத் தேர்ந்தெடுத்து 'டீட்டெய்ல்ஸ்' அழுத்துங்கள். கையொப்பம் செல்லும் என்ற வாசகம் மேலே இருக்க வேண்டும். கையொப்பமிட்டவர் அந்தந்த நிறுவனமாகவோ, மைக்ரோசாஃப்ட் விண்டோஸாகவோ, 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி பப்ளிஷர்' ஆகவோ இருக்கலாம். கடைசியில் சொன்னது மைக்ரோசாஃப்டின் சோதனைக்கு அனுப்பப்பட்ட டிரைவர்களில் வரும் பெயர். என்விடியா கோப்பில் மைக்ரோசாஃப்டின் பெயர் ஏன் என்று குழம்ப வேண்டாம்.

அதே ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தில் 'டீட்டெய்ல்ஸ்' என்று தனியாக ஒரு பக்கமும் இருக்கும். நிறுவனத்தின் பெயர், விளக்கம், பதிப்புரிமை எல்லாம் அதில் அழகாக எழுதியிருக்கும். அது ஆதாரமே அல்ல. நிரலை எழுதியவர் அங்கே எதை வேண்டுமானாலும் நிரப்பலாம், ஐகானையும் நகலெடுத்து ஒட்டலாம். சீருடை அணிந்தவரெல்லாம் காவலர் ஆகிவிடுவதில்லை. அடையாள அட்டையைத்தான் பார்க்க வேண்டும். இங்கே கையொப்பம்தான் அந்த அட்டை.

பலரைத் தவறான முடிவுக்குத் தள்ளும் ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள விண்டோஸ் கோப்புகள் பலவற்றில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பக்கமே இருக்காது. போலி என்று நினைத்து அழிக்கப் போகாதீர்கள். அவற்றின் கையொப்பம் கோப்புக்குள் இல்லாமல் தனியாக ஒரு கேட்டலாக் கோப்பில் இருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸ் சாளரம் அதைக் காட்டுவதில்லை. இதற்குச் சரியான கருவி பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். 1996-இல் தொடங்கப்பட்ட சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, இன்றும் இலவசமாகத் தருகிறது. அதை நிர்வாகி அனுமதியோடு திறந்து, 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பிராசஸின் எதிரிலும் கையொப்பமிட்டவரின் பெயரும் சரிபார்ப்பு முடிவும் வந்துவிடும். கேட்டலாக் கையொப்பத்தையும் சேர்த்தே அது பார்க்கிறது.

கையொப்பம் செல்லுபடியானால் எல்லாம் முடிந்ததா என்றால், கிட்டத்தட்ட முடிந்தது. 2022-இல் என்விடியாவின் கணினிகளுக்குள் நுழைந்த ஒரு கும்பல் வெளியிட்ட தரவில் கையொப்பமிடும் சான்றிதழ்கள் இரண்டு இருந்தன. இரண்டுமே காலாவதியானவை. ஆனாலும் அவற்றைக் கொண்டு கையொப்பமிட்ட தீநிரல்கள் சில நாட்களிலேயே தென்பட்டன. எனவே சரியான இடம், சரியான கையொப்பம் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். என்விடியா கையொப்பம் உள்ள கோப்பு டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடினால் அதைப் பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன். ஒரு விதிவிலக்கு உண்டு: அந்த நேரத்தில் நீங்களே டிரைவரை நிறுவிக்கொண்டிருந்தால் நிறுவும் நிரல் தற்காலிகமாக அங்கிருந்து ஓடலாம்.

## அறிகுறி: பெயர் புதிதாக இருக்கிறது, வேறு தொந்தரவு எதுவும் இல்லை

பெரும்பாலானவர்களின் நிலை இதுதான், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லாததும் இதுதான். அடிக்கடி கேட்கப்படும் பெயர்களைச் சொல்கிறேன்.

'டிடபிள்யூஎம்' என்பது டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர். விண்டோஸ் விஸ்டாவில் அறிமுகமானது. திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரமும் தன் படத்தை வரைந்து கொடுக்க, அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் திரையில் காட்டுவது இதன் வேலை. விண்டோஸ் 7 வரை இதை நிறுத்த முடிந்தது. விண்டோஸ் 8 முதல் எப்போதும் ஓடும். பயனர் பத்தியில் உங்கள் பெயர் இருக்காது; 'டிடபிள்யூஎம்-1' என்ற கணக்கின் பெயர் இருக்கும். இன்னொருவரும் உள்நுழைந்திருந்தால் இரண்டாவது ஒன்றும் தெரியும். டிடபிள்யூஎம் உங்கள் சொந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது என்றால் உடனே அதன் இடத்தைப் பாருங்கள்.

'ஐஜிஎஃப்எக்ஸ்' என்று தொடங்குபவை இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைச் சேர்ந்தவை. ஒன்று ஹாட்கீகளைக் கவனிக்கும், ஒன்று திரை அமைப்புகளைக் கையாளும், பழைய பதிப்புகளில் ஒன்று கடிகாரத்தின் அருகே ஐகானைக் காட்டும். 'இன்டெல்சிபி' என்று தொடங்கும் சேவைகள் பாதுகாக்கப்பட்ட வீடியோவை இயக்கும்போது தேவைப்படுபவை.

என்விடியாவில் 'கன்டெய்னர்' என்று முடியும் பிராசஸ்கள் ஒரே நேரத்தில் பல பிரதிகளாக ஓடும். ஒன்றுக்கு மேல் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு உட்பகுதிகளை ஏற்றி வைத்திருக்கிறது. கமாண்ட் லைன் பத்தியைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அவற்றில் டிஸ்பிளே கன்டெய்னர் சேவையை நிறுத்திவிட்டுப் பிறகு என்விடியா கட்டுப்பாட்டுப் பலகை திறக்கவில்லையே என்று தேடுபவர்கள் ஏராளம்.

ஏஎம்டி கார்டு உள்ள கணினியில் 'ஏடிஐ' என்று தொடங்கி இரண்டு எக்ஸ் எழுத்துகளில் முடியும் இரண்டு பிராசஸ்கள் இருக்கும். ஒன்று சேவை, மற்றது அதன் துணை. 2006-இல் ஏஎம்டி வாங்கிய ஏடிஐ நிறுவனத்தின் பெயர் இன்னும் அந்தக் கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரையை இணைப்பது, கழற்றுவது போன்ற நிகழ்வுகளை டிரைவருக்குத் தெரிவிப்பது இவற்றின் வேலை.

'ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசொலேஷன்' என்பதைக் கிராபிக்ஸ் என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. அது ஒலி சம்பந்தப்பட்ட விண்டோஸ் பிராசஸ், கிராபிக்ஸோடு தொடர்பில்லை. 'ஃபான்ட் டிரைவர் ஹோஸ்ட்' எழுத்துருக்களைக் கையாள்வது. 'யுஎம்எஃப்டி' என்று தொடங்கும் கணக்கின் பெயரில் ஓடும், சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும்.

## அறிகுறி: பெயர் தெரிந்ததுதான், ஆனால் ஏதோ ஓர் எழுத்து உறுத்துகிறது

உறுத்தல் வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் பெரிய 'ஐ' எழுத்தும் சிறிய 'எல்' எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒரே கோடாகத்தான் தெரியும். இன்டெல் கோப்பின் முதல் எழுத்தான 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'எல்' வைத்துவிட்டால் சும்மா பார்க்கும் கண்ணுக்குப் பிடிபடாது. டிடபிள்யூஎம் பெயரில் ஒரு 'டபிள்யூ' எழுத்துக்குப் பதிலாக இரண்டு 'வி' எழுத்துகளை அடுத்தடுத்து வைப்பதும் இதே வகை.

கண்ணை நம்பாமல் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் 'நேம்' தலைப்பைக் கிளிக் செய்து அகர வரிசைப்படுத்துங்கள். உண்மையான இன்டெல் பிராசஸ்கள் 'ஐ' வரிசையில் ஒன்றாக நிற்கும். போலி மட்டும் 'எல்' எழுத்தில் தொடங்குபவற்றோடு போய் நிற்கும். கணினிக்கு எழுத்தின் வடிவம் ஒரு பொருட்டல்ல, அதன் குறியீட்டைத்தான் பார்க்கிறது.

ஃபோல்டர் பெயரிலும் இதே ஏமாற்று நடக்கிறது. சிஸ்டம்32 என்பதற்குப் பதில் வெறும் 'சிஸ்டம்' என்ற ஃபோல்டர், 'விண்டோஸ்' என்ற பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி சேர்த்து உருவாக்கிய போலி ஃபோல்டர் என்று பல. பாதையை முழுவதும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

## அறிகுறி: எதுவும் செய்யாதபோதே ஜிபியு உச்சத்தில் ஓடுகிறது, விசிறி இரைகிறது

உண்மையாகவே கவனம் தேவைப்படும் அறிகுறி இது. உங்கள் ஜிபியுவைக் கொண்டு யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கலாம். 2022 செப்டம்பர் 15-இல் ஈதர் நாணயத்தின் வலையமைப்பான ஈதீரியம் தன் முறையை மாற்றிய பிறகு ஜிபியுவில் ஈதர் தோண்ட வழியில்லாமல் போனது. வேறு நாணயங்கள் இருக்கின்றன. மின்கட்டணத்தை அடுத்தவர் தலையில் கட்டுபவருக்குச் சிறு வருமானமும் லாபமே, அதனால் இந்தத் தொல்லை நிற்கவில்லை.

எந்த பிராசஸ் ஜிபியுவை எடுக்கிறது என்பதை டாஸ்க் மேனேஜரே காட்டும். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709 முதல் இந்த வசதி இருக்கிறது. 'ஜிபியு' பத்தியோடு 'ஜிபியு எஞ்சின்' பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் பெயர்தான் பாதி விடையைச் சொல்லும். 'வீடியோ டிகோட்' என்றால் ஏதோ வீடியோ ஓடுகிறது; பெரும்பாலும் மறந்துபோன உலாவித் தாவல். '3டி' என்றால் விளையாட்டு, அசையும் வால்பேப்பர், டெஸ்க்டாப் வரைதல் போன்றவை. 'கம்ப்யூட்' என்று தொடங்கினால் கணக்கீட்டு வேலை. நீங்கள் வீடியோ ரெண்டர் செய்யவில்லை, 3டி மென்பொருள் திறக்கவில்லை, செயற்கை நுண்ணறிவு மாதிரி எதையும் கணினியில் ஓட்டவில்லை என்றால், கணக்கீட்டு வேலை மணிக்கணக்காக நடப்பதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தில் ஜிபியுவைத் திறந்தால் முதலில் நான்கு சிறு வரைபடங்கள் தெரியும். அவற்றில் கணக்கீட்டு எஞ்சின் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நான்கும் தரையோடு கிடக்கின்றனவே என்று திருப்தியடைந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வரைபடத்தின் தலைப்பையும் கிளிக் செய்தால் எஞ்சின் பட்டியல் திறக்கும். அதில் 'கம்ப்யூட்', என்விடியா கார்டில் 'கூடா' இருந்தால் அதையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இன்னொரு தந்திரம் இதைவிட மோசமானது. நாணயம் தோண்டும் தீநிரல்களில் பல, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் அடங்கிவிடும், மூடியதும் மறுபடி தொடங்கும். இரைந்துகொண்டிருந்த விசிறி, டாஸ்க் மேனேஜரைத் திறந்த சில நொடிகளில் தணிந்து, மூடியதும் மீண்டும் இரைந்தால் அந்த ஒன்றே வலுவான சந்தேகத்துக்குப் போதும். அப்போது டாஸ்க் மேனேஜரைத் தொடாமல், கார்டு நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ வேறு கண்காணிப்புக் கருவியிலோ வெப்பநிலையையும் பயன்பாட்டையும் சிறிது நேரம் பதிவு செய்யுங்கள். கணினியைத் தொடாமல் விட்ட நேரத்தில் ஏறி, மவுஸை அசைத்ததும் இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். சில தீநிரல்கள் அப்படியும் எழுதப்பட்டிருக்கின்றன.

பிறகு 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து 'நெட்வொர்க்' பகுதியில் சந்தேகத்துக்குரிய பிராசஸைத் தேர்ந்தெடுங்கள். தோண்டும் நிரல் வெளியில் ஒரு சர்வரோடு இடைவிடாமல் இணைப்பு வைத்திருந்தால்தான் அதற்கு வேலை கிடைக்கும். அனுப்பும் தரவு மிகச் சிறியது, ஆனால் இணைப்பு அறுபடாது. டிரைவர் புதுப்பிப்பைத் தேடும் பிராசஸும் இணையத்தைத் தொடும்; ஆனால் வேலை முடிந்ததும் விட்டுவிடும்.

உலாவிதான் ஜிபியுவை எடுக்கிறது என்று தெரிந்தால், குரோம், எட்ஜ் இரண்டிலும் ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் உலாவியின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஜிபியு பிராசஸ்' என்று ஒன்று இருப்பது இயல்பு. எந்தத் தாவல், எந்த நீட்சி கூடவே உச்சத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து அதை மூடினால் போதும்.

## அறிகுறி: டிடபிள்யூஎம் நினைவகத்தை விழுங்குகிறது

கோப்பு சிஸ்டம்32 ஃபோல்டரில் இருந்து, கையொப்பமும் சரியாக இருந்தால் இது தீநிரல் அல்ல. எவ்வளவு இருந்தால் இயல்பு என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4கே திரையில் 3840 பெருக்கல் 2160 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட். திரை முழுவதும் விரிந்த ஒரே ஒரு சாளரத்தின் படத்துக்குச் சுமார் 33 மெகாபைட் ஆகிறது. 1920 பெருக்கல் 1080 திரையில் அதுவே சுமார் 8 மெகாபைட். இரண்டு 4கே திரைகள், இருபது சாளரங்கள் என்று வைத்திருப்பவரின் கணினியில் டிடபிள்யூஎம் சில நூறு மெகாபைட் காட்டினால் அதில் அதிசயம் எதுவும் இல்லை.

சாளரங்களை மூடிய பிறகும் இறங்காமல், மணிக்கு மணி ஏறிக்கொண்டே போய் ஜிகாபைட் கணக்கைத் தொட்டால் அது நினைவகக் கசிவு. காரணம் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில் இருக்கும். டிரைவரைப் புதுப்பியுங்கள், புதுப்பித்த பிறகுதான் தொடங்கியது என்றால் 'டிவைஸ் மேனேஜர்' வழியாக 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். அதுவரை கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் டிடபிள்யூஎம் புதிதாகத் தொடங்கும்.

## அறிகுறி: திரை ஒரு கணம் கறுத்துத் திரும்புகிறது

இதைத் தீநிரலோடு முடிச்சுப்போடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் தொடர்பில்லை. ஜிபியு ஒரு வேலையை முடிக்காமல் இரண்டு நொடிக்கு மேல் இழுத்தால் விண்டோஸ் அது உறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு டிரைவரை மீண்டும் தொடங்குகிறது. அப்போதுதான் திரை கறுக்கிறது. 'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'சிஸ்டம்' பகுதியில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். டிஸ்பிளே என்ற மூலத்திலிருந்து அந்த எண் பதிவாகியிருந்தால் நடந்தது இதுதான். டிரைவர், அதிக வெப்பம், ஓவர்கிளாக்கிங் (கார்டை இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது), மின்வழங்கி என்ற வரிசையில் பாருங்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்தி நீங்களே டிரைவரை மீண்டும் தொடங்கவும் முடியும். பொதுவாகத் திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது.

## அறிகுறி: கணினியில் இல்லாத கார்டின் பிராசஸ் ஓடுகிறது

முதலில் அந்தக் கார்டு உண்மையிலேயே இல்லையா என்று டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' திறந்து பாருங்கள். பல மடிக்கணினிகளில் பிராசஸருக்குள்ளேயே ஒன்று, தனியாக ஒன்று என இரண்டு ஜிபியுக்கள் இருக்கும். பழைய கார்டைக் கழற்றி வேறு நிறுவனத்தின் கார்டைப் போட்டிருந்தால் பழைய டிரைவரின் சேவைகள் எஞ்சியிருக்கலாம். 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவசக் கருவியைச் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் நிலையில்) ஓட்டினால் எச்சங்கள் முழுதும் நீங்கும். இரண்டு காரணமும் பொருந்தவில்லை, கோப்பும் ஆப்டேட்டா பக்கம் இருக்கிறது என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: ஆன்டிவைரஸ் அடங்கியிருக்கிறது, டாஸ்க் மேனேஜர் தானாக மூடிக்கொள்கிறது

'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' மங்கலாக இருப்பது மட்டும் குற்றமல்ல; வேறு கணக்கில் ஓடும் பிராசஸ்களுக்குச் சில வேளை நிர்வாகி அனுமதி தேவை. ஆனால் டாஸ்க் மேனேஜர் திறந்ததும் மூடிக்கொள்வது, பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் இருப்பது, நீங்கள் தொடாமலே விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அணைந்திருப்பது ஆகியவை வேறு கதை.

இங்கே நான் முதலில் பார்க்கச் சொல்வது டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலை. 'விண்டோஸ் செக்யூரிட்டி', 'வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்', கீழே கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. நிர்வாகி அனுமதி கிடைத்த தீநிரல் தன் ஃபோல்டரை இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், டிஃபெண்டர் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் அந்த ஃபோல்டரைத் தொடாது. 'எந்த அச்சுறுத்தலும் இல்லை' என்றே சொல்லும். நீங்கள் சேர்க்காத வரி ஒன்று அங்கே இருந்தால், குறிப்பாக ஆப்டேட்டாவோ மொத்த சி டிரைவோ இருந்தால், உங்கள் தேடல் கிட்டத்தட்ட முடிந்தது.

அதே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள 'ஆட்டோரன்ஸ்' கருவி, கணினி தொடங்கும்போது எதெல்லாம் எழுந்து ஓடுகிறது என்பதைக் காட்டும். 'ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்' பக்கத்தை மறக்காமல் பாருங்கள். டிரைவர் புதுப்பிப்பு போன்ற பெயரில் டெம்ப் ஃபோல்டரைச் சுட்டும் பணி அங்கே ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம்.

## அறிகுறி: ஸ்கேனர்கள் ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்கின்றன

பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் பிராசஸின் மேல் வலது கிளிக் செய்து வைரஸ்டோட்டல் (பல ஸ்கேனர்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் இணையதளம்) சோதனை கொடுத்தால், கோப்பின் ஹாஷ், அதாவது அதன் கைரேகை போன்ற குறியீடு, மட்டும் அனுப்பப்பட்டுப் பல ஸ்கேனர்களின் தீர்ப்பு ஒரே எண்ணாக வரும். முறையான கையொப்பமும் சரியான இடமும் கொண்ட கோப்பை, அதிகம் அறியப்படாத ஒன்றிரண்டு ஸ்கேனர்கள் மட்டும் சந்தேகித்தால் தவறான எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்ளலாம். கையொப்பமில்லாத கோப்பைப் பத்துப் பதினைந்து ஸ்கேனர்கள் பெயர் சொல்லிக் காட்டினால் தயங்க வேண்டாம். எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தாலோ, அந்த ஹாஷை யாரும் இதுவரை பார்த்ததில்லை என்று வந்தாலோ அது நற்சான்று அல்ல. என்விடியா டிரைவர் கோப்பு ஒன்றை உலகில் உங்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை என்பது நம்பக்கூடிய செய்தியா? கோப்பையே பதிவேற்றும் வசதியும் அங்கே உண்டு. பதிவேற்றியதை மற்ற பாதுகாப்பு நிறுவனங்களும் பெறும் என்பதால் தனிப்பட்ட ஆவணங்களை அங்கே கொடுக்காதீர்கள்.

## கெட்டதுதான் என்று உறுதியானால்

இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கோப்பின் முழுப் பாதை, கமாண்ட் லைன், அதை எழுப்பும் பணியின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்ட வரிகளை நீக்குங்கள். இதைச் செய்யாமல் ஸ்கேன் செய்தால் பலனில்லை. அதன்பின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' கீழே உள்ள டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் பிடிக்கும். தீநிரல் விழிக்காத நேரத்தில் தேடுவதுதான் இதன் பலம். ஸ்கேன் முடிந்ததும் ஆட்டோரன்ஸில் அந்தப் பணி போய்விட்டதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கி, மறுதொடக்கம் செய்து, மறுபடி பாருங்கள்.

ஒருமுறை நீக்கியது திரும்ப வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பேன். உங்கள் ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, சுத்தமான வேறொரு கணினியில் தயாரித்த யுஎஸ்பி மூலம் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பழைய நிரல் கோப்புகளையும் கிராக் செய்த மென்பொருள்களையும் திரும்பக் கொண்டுவராதீர்கள். இந்த வகைத் தீநிரல் உள்ளே வரும் வழிகளில் முக்கியமானது அதுதான்.

கடவுச்சொற்களைப் பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து மாற்றாதீர்கள், வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள், மற்ற கணக்குகளின் சாவி அதில்தான் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றுவதோடு, ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். உலாவியில் சேமித்திருந்த குக்கீகள் (நீங்கள் உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் சிறு தரவுகள்) திருடப்பட்டிருந்தால் புதிய கடவுச்சொல் தெரியாமலே உள்ளே நுழைய முடியும். பல சேவைகளில் அந்தப் பொத்தானை அழுத்திய பிறகே பழைய குக்கீகள் செல்லாமல் போகின்றன.